வைட்டமின் ஏ-யும் கல்லீரலும்: மருந்துக் கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையில் நிற்கிறவனிடம் பாதிப் பேர் மருந்து வாங்க வருகிறார்கள், மீதிப் பேர் டாக்டரிடம் கேட்க மறந்ததைக் கேட்க வருகிறார்கள். ஃபேட்டி லிவர் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வராத ஆளே இல்லை என்கிற காலமாகிவிட்டதால், "இந்த வைட்டமின் மாத்திரை லிவருக்கு நல்லதா?" என்ற கேள்வி தினமும் வருகிறது. அதில் அதிகம் குழப்புகிறது வைட்டமின் ஏ. குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு, இரண்டு வம்பும் கல்லீரலைச் சுற்றித்தான் நடக்கிறது. நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

வைட்டமின் ஏ என்றால் கண்தானே? கல்லீரலுக்கு அதில் என்ன வேலை?

கண் செலவு செய்கிற இடம். சேமிப்பு முழுக்கக் கல்லீரலில். உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யில் பெரும்பங்கு, நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு 80 சதவீதத்துக்கு மேல்கூட, அங்கேதான் கிடக்கும். சாப்பாட்டில் வருகிற வைட்டமின் ஏ குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, கல்லீரலின் முக்கியச் செல்களுக்குப் போகிறது. அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வகைச் செல்லுக்குக் கைமாறி, எண்ணெய்த் துளிகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த இரண்டாவது செல்லுக்கு ஸ்டெல்லேட் செல் என்று பெயர், நட்சத்திர வடிவச் செல். கண்ணுக்கோ தோலுக்கோ தேவைப்படும்போது, கல்லீரலே தயாரிக்கிற ஆர்பிபி என்ற புரதத்தின் மேல் ஏற்றி ரத்தத்தில் அனுப்பி வைக்கிறது. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் மூன்று மாதம் வைட்டமின் ஏ இல்லாத சாப்பாடு சாப்பிட்டாலும் ஆரோக்கியமான பெரியவருக்குப் பார்வை மங்குவதில்லை.

அந்த நட்சத்திரச் செல்லைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் கதையே அதுதான். கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரைதான் இவை. 1876-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபர் தங்கக் குளோரைடு சாயம் ஏற்றிப் பார்த்தபோது நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிய செல்களைக் கண்டார். பிறகு அவரே அவற்றை வேறொரு வகைச் செல்லோடு போட்டுக் குழப்பிக்கொண்டார். அந்தக் குழப்பம் எழுபது எண்பது வருஷம் ஓடியது. ஜப்பானில் தோஷியோ இட்டோ 1950-களின் தொடக்கத்தில் கொழுப்பைச் சேமிக்கும் செல் என்று ஒன்றை விவரித்தார். 1971-ல் அதே நாட்டின் கெஞ்ஜிரோ வாகே, குப்ஃபர் பார்த்ததும் இட்டோ பார்த்ததும் ஒரே செல்தான், அதற்குள் இருக்கும் துளிகள் வைட்டமின் ஏ என்று காட்டினார். புற ஊதா ஒளியை அடித்தால் அந்தத் துளிகள் பசுமை கலந்த நீலத்தில் ஒளிரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி மறைந்துவிடும். வைட்டமின் ஏ-யின் கையெழுத்து அது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இதே செல், கல்லீரலுக்கு நாள்பட்ட அடி விழுந்தால் (குடி, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி, கொழுப்பு, எதுவானாலும்) வேஷம் மாறிவிடுகிறது. சேர்த்து வைத்த எண்ணெய்த் துளிகளைக் கைவிட்டுவிட்டு, தசை மாதிரி சுருங்கக்கூடிய செல்லாக மாறி, கொலாஜன் நாரைக் கொட்ட ஆரம்பிக்கிறது. காயம்பட்ட தோலில் தழும்பு விழுவது மாதிரிதான், ஆனால் உள்ளே, நிற்காமல். அந்தத் தழும்புக்குத்தான் ஃபைப்ரோசிஸ் என்று பெயர், அது முற்றினால் சிரோசிஸ். அதாவது கல்லீரலில் தழும்பு போடுகிற முக்கிய ஆளும், வைட்டமின் ஏ-யைக் காவல் காக்கிற ஆளும் ஒருவனே. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்படியானால் வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிட்டு அந்தச் செல்லை நிரப்பினால் தழும்பு நின்றுவிடுமே?

எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். செல் காலியானதால் தழும்பு வந்ததா, தழும்பு போடக் கிளம்பியதால் செல் காலியானதா என்பது வேறு வேறு விஷயம். எலிகளில் வைட்டமின் ஏ-யைச் சேமிக்கவே முடியாதபடி மரபணுவை மாற்றிப் பார்த்தார்கள். துளிகள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த எலிகளுக்குக் கல்லீரல் தழும்பாகிவிடவில்லை. ஆக, துளி காலியாவது அடி விழுந்ததன் அடையாளம், அதுவே முழுக் காரணம் அல்ல. வீட்டில் திருட்டுப் போனபின் பீரோவில் பணத்தை வைத்தால் திருடன் திரும்பக் கொண்டுவந்து வைப்பானா? தழும்பு நிற்க வேண்டுமானால் அடி நிற்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-யைக் குணப்படுத்தினாலோ, குடியை விட்டாலோ, எடை குறைந்தாலோ இந்தச் செல்களில் ஒரு பகுதி மறுபடி அமைதி நிலைக்குத் திரும்புகிறது, தழும்பும் ஓரளவு கரைகிறது.

சரி, அதிகமாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

1596-ல் டச்சு மாலுமி வில்லம் பாரென்ட்ஸ் தலைமையில் வட துருவப் பக்கம் போன கப்பல் பனியில் மாட்டி, ஆட்கள் நோவாயா செம்ல்யா தீவில் குளிர்காலம் கழித்தார்கள். ஒரு பனிக்கரடியைக் கொன்று ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் உடம்பு கெட்டது, அதில் மூன்று பேர் பிழைக்கமாட்டார்கள் என்றே நினைத்தார்களாம். பிழைத்தார்கள், ஆனால் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது என்று கூட இருந்த ஹெரிட் டி வேர் எழுதி வைத்திருக்கிறார். காரணம் தெரிய 1943 வரை ஆனது. பனிக்கரடி ஈரல் ஒரு கிராமில் 13,000 முதல் 18,000 யூனிட் வைட்டமின் ஏ இருப்பதை அப்போதுதான் அளந்து பார்த்தார்கள். நூறு கிராம் சாப்பிட்டால் பதிமூன்று லட்சத்துக்கு மேல்! 1913 ஜனவரியில் அண்டார்டிகாவில் சுவிஸ் ஆய்வுப் பயணி சேவியர் மெர்ட்ஸ் இறந்ததற்கும், பசியில் இழுவை நாய்களின் ஈரலைத் தின்றதே காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு சந்தேகப்பட்டார்கள். அது இன்றும் விவாதம்தான்.

இதெல்லாம் ஒரேயடியாக வருகிற விஷம். நம் ஊரில் நடப்பது வேறு, கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில். நட்சத்திரச் செல்கள் நிரம்பி, ஊதி, எண்ணிக்கையிலும் பெருகி, ரத்தம் ஓடுகிற நுண்ணிய இடைவெளிகளை நெருக்குகின்றன. கல்லீரலுக்குள் ரத்தம் நுழைவதே கஷ்டமாகி, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோக்கும். சிரோசிஸ் ஆகாமலேயேகூட இந்த அழுத்தம் வரலாம். அந்த நேரத்தில் எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தால் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி கொஞ்சம்தான் ஏறியிருக்கும், பயமுறுத்தாது. அதனால் டாக்டருக்கே சந்தேகம் வராது, நீங்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நீங்களாகச் சொன்னால் தவிர.

எவ்வளவுதான் அதிகம்? டப்பாவில் ஒன்றும் புரியவில்லையே.

இரண்டு அளவு போட்டுக் குழப்புகிறார்கள். பழைய கணக்கு ஐயூ (மேலே யூனிட் என்றது இதைத்தான்), புதிய கணக்கு மைக்ரோகிராம். ரெட்டினால் என்ற நேரடி வைட்டமின் ஏ-க்கு, ஐயூவை 0.3-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன அன்றாட அளவு ஆண்களுக்கு 1000 மைக்ரோகிராம், பெண்களுக்கு 840. பெரியவர்கள் தினமும் தாண்டக்கூடாத மேல்வரம்பு 3000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐயூ. கல்லீரல் கெட்டதாகப் பதிவான ஆட்கள் பெரும்பாலும் தினம் 40,000 ஐயூவுக்கு மேல் வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்கள். இன்னும் பெரிய அளவு என்றால் மாதங்களிலேயே கெடும்.

"நான் எங்கே அவ்வளவு சாப்பிடப் போகிறேன்" என்பீர்கள். ஓய்வுபெற்ற ஒரு சார் கிரேடு 2 ஃபேட்டி லிவர் ரிப்போர்ட்டோடு கடைக்கு வந்து, பையிலிருந்து மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். மல்டிவைட்டமின், தினம் ஒன்று, 5,000. மீன் ஈரல் எண்ணெய் கேப்ஸ்யூல், தினம் இரண்டு, இரண்டும் சேர்ந்து 2,000. அப்புறம் கண் மங்குகிறது என்று யாரோ சொல்லி வாங்கின தனி வைட்டமின் ஏ, தினம் ஒன்று, 25,000. பில்லின் பின்பக்கத்தில் கூட்டிக் காட்டினேன், 32,000 ஐயூ, மைக்ரோகிராமில் 9,600. மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு. எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாராம். "ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல் வேற உண்டு தம்பி, கண்ணுக்கு நல்லதுன்னு" என்றார். கண் மங்கியதற்குக் காரணம் கண்புரை என்பது அடுத்த மாதம் கண் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. 25,000, 50,000 ஐயூ கேப்ஸ்யூல்கள் குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதி, நாள் குறித்துக் கொடுக்க வேண்டியவை. டானிக் மாதிரி வருஷம் முழுக்க விழுங்குவதற்கு அல்ல.

மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றுதானே?

இல்லை, இது முக்கியம். ஒமேகா-3 என்று விற்கிற மீன் எண்ணெய் மீனின் உடம்புக் கொழுப்பிலிருந்து வருகிறது, வைட்டமின் ஏ அநேகமாக இருக்காது. காட் மீன் ஈரல் எண்ணெய் ஈரலிலிருந்து வருவதால் ஏ-யும் டி-யும் கூடவே வரும், ஒரு டீஸ்பூனில் சுமார் 1350 மைக்ரோகிராம் ஏ. தமிழில் இரண்டையும் "மீன் மாத்திரை" என்றே கேட்கிறார்கள். நாங்களும் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அது எங்கள் தப்பு.

கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை?

பயமில்லாமல் சாப்பிடுங்கள். அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தனக்குத் தேவையானதை மட்டும் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். சாப்பாட்டு பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. அளவுக்கு மீறி கேரட் ஜூஸ் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும், மஞ்சள் காமாலையோ என்று பதறி வருவார்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கேரட், மஞ்சளானால் காமாலை. கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் இது நன்றாக உறிஞ்சப்படும், பாட்டி செய்தது சரிதான்.

ஈரல் வறுவலை விட்டுவிடணுமா?

மாட்டேன் என்பவரை வற்புறுத்தப் போவதில்லை. செம்மறி ஆட்டு ஈரல் நூறு கிராமில் சுமார் 7000 மைக்ரோகிராம், கோழி ஈரலில் 3300 சொச்சம். ஆட்டு ஈரல் ஒரு தட்டு என்றால் ஒரு வாரத்துக் கணக்கு. வாரம் ஒரு தடவை கொஞ்சம் சாப்பிடுகிற ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் ஆகாது, சேமிப்புதான் இருக்கிறதே. மாத்திரையும் கூடவே வேண்டாம், அவ்வளவுதான். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. ஏ அதிகமானால் கருவின் வளர்ச்சியில் குறை வரக்கூடும். "ரத்தம் ஊறும்" என்று மாமியார் தட்டில் வைத்தாலும் இதைச் சொல்லுங்கள். இரும்புச் சத்து வேறு வழியிலும் கிடைக்கும்.

அங்கன்வாடியில் குழந்தைக்கு இரண்டு லட்சம் யூனிட் ஊட்டுகிறார்களே, அது மட்டும் பரவாயில்லையா?

பரவாயில்லை. ஒன்பதாவது மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒரு லட்சம், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் என்பது இந்தத் திட்டத்தின் கணக்கு. இந்தியாவில் 1970-லிருந்து பார்வையிழப்பைத் தடுக்க ஏதாவது ஒரு வடிவில் நடந்து வருகிறது. இது முழுக்க முழுக்கக் கல்லீரலை நம்பிப் போட்ட திட்டம். மொத்தமாகக் கொடுத்ததைக் கல்லீரல் வாங்கி வைத்து, சில மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. சில குழந்தைகள் அன்று வாந்தி எடுக்கலாம், ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஆறு மாத இடைவெளியில் ஒரு தடவை என்பதும் தினமும் என்பதும் ஒன்றல்ல. எப்போது ஊட்டினார்கள் என்பது குழந்தையின் அட்டையில் இருக்கும், அதைப் பார்க்காமல் தனியாக வாங்கி ஊட்டாதீர்கள்.

குடிக்கிறவர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டா?

உண்டு, அதுவும் மோசமான கணக்கு. சாராயத்தை உடைக்கிற நொதிக் குடும்பமேதான் ரெட்டினாலையும் மாற்றுகிறது, இரண்டும் ஒரே கவுண்டரில் வரிசை நிற்கிற மாதிரி. அது தவிர, தினமும் குடிப்பதால் கல்லீரலில் பெருகுகிற இன்னொரு நொதி, வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலத்தைச் சிதைத்துத் தள்ளுகிறது. அதனால் குடியால் கெட்ட கல்லீரலில் வைட்டமின் ஏ இருப்பு மிகவும் குறைந்திருக்கும், 1980-களிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சார்லஸ் லீபர் குழு இதைக் காட்டியது. குறைவுதானே, கொடுத்து நிரப்பலாமே என்றால், மது இருக்கும் இடத்தில் சாதாரண அளவு ஏ-கூட நஞ்சாக வேலை செய்கிறது என்பதையும் அதே ஆட்கள்தான் சொன்னார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் (1994) நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியது. கேரட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மாத்திரைக்குத்தான். குடியும் சிகரெட்டும் உள்ளவர் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாத மாத்திரைகளில் இதை முதலில் வைப்பேன்.

அப்பாவுக்கு சிரோசிஸ். சாயங்காலம் ஆனால் கண் தெரியவில்லை என்கிறார். மாத்திரை வாங்கித் தரலாமா?

வாங்கித் தராதீர்கள், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். சிரோசிஸில் மாலைக்கண் நிஜமாகவே வரும். சேமிக்கும் செல்கள் போய்விட்டன. பித்தநீர் சரியாக இறங்காததால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்குமே குடலில் ஏறாது, முக்கியமாகப் பித்தக்குழாய் சம்பந்தப்பட்ட நோய்களில். ஆர்பிபி தயாரிக்கவும் கல்லீரலுக்குத் தெம்பில்லை. கடைசிக் காரணத்தால் ஒரு சிக்கல் வருகிறது. ரத்தத்தில் ரெட்டினால் அளந்தால் குறைவாகக் காட்டும், ஆனால் அது சரக்கு இல்லாததாலா, ஏற்றி அனுப்ப வண்டி இல்லாததாலா என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. வண்டி இல்லாத நேரத்தில் சரக்கைக் கொட்டினால் கல்லீரலிலேயே தேங்கும். இன்னொன்று, துத்தநாகக் குறைவாலும் இதே மாலைக்கண் வரும். சிலருக்கு ஜிங்க் கொடுத்ததிலேயே சரியாகியிருக்கிறது. எது குறைவு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கல்லீரல் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபேட்டி லிவருக்கு வைட்டமின் மாத்திரை உண்டு என்று படித்தேனே?

நீங்கள் படித்தது வைட்டமின் ஈ. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, பயாப்ஸியில் (கல்லீரல் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) வீக்கம் உறுதியான ஆட்களுக்கு தினம் 800 ஐயூ ஈ பலன் தந்தது. அதுவும் டாக்டர் சொன்னால்தான். ஏ-யும் ஈ-யும் தமிழில் சொல்லும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதனால் எத்தனை பேர் தப்பான டப்பாவோடு போயிருப்பார்களோ. வைட்டமின் ஏ-யைக் கொடுத்து ஃபேட்டி லிவர் சரியானதாக மனிதர்களில் நிரூபணம் கிடையாது.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. 2008-ல் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு அதிகம் சேர்வதைக் கண்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் நொதி நட்சத்திரச் செல்லில் வைட்டமின் ஏ-யைப் பூட்டைத் திறந்து வெளியே விடுகிற வேலையும் செய்கிறது என்று பிறகு தெரிந்தது. மாறிய வடிவத்தில் பூட்டு சரியாகத் திறப்பதில்லை. ஒல்லியாக இருந்தும், குடிக்காமலும் சிலருக்கு ஃபேட்டி லிவர் வருவதற்கு இது ஒரு காரணம். இதற்கும் மாத்திரை விடை அல்ல, உள்ளே சரக்கு நிறைய இருக்கிறது, கதவுதான் மக்கர்.

முகப்பருவுக்குத் தருகிற மாத்திரை வைட்டமின் ஏ-யாமே, அது கல்லீரலைக் கெடுக்குமா?

ஐசோட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருள்தான். சிலருக்கு எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானாக இறங்கும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறலாம். அதனால் ஆரம்பிக்கும் முன்னும் நடுவிலும் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், காசு வீண் என்று விடாதீர்கள். கூடவே வைட்டமின் ஏ மாத்திரை கூடாது, மது கூடாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கவும் கூடாது. சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் இன்னும் கண்டிப்பு. மது சேர்ந்தால் அது உடம்பில் நீண்ட நாள் தங்குகிற வேறொரு பொருளாக மாறும், அதனால் நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கருத்தரிக்கக் கூடாது. தங்கச்சிக்கு வேலை செய்தது என்று மிச்ச மாத்திரையை அக்கா வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் இந்த மருந்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கல்லீரல் புற்றுநோயைத் தடுக்குமா?

ஜப்பானில் கிஃபு பல்கலைக்கழகத்தார் வைட்டமின் ஏ-யைப் போல வடிவமைத்த செயற்கைப் பொருள் ஒன்றை, கட்டியை அகற்றிய 89 பேரில் சோதித்தார்கள், முடிவு 1996-ல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியது அல்லது புதிதாக வந்தது, எடுக்காதவர்களில் 49 சதவீதம். பெரிய நம்பிக்கை எழுந்தது. பிற்பாடு நடந்த பெரிய சோதனையில் அதே அளவு தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. அந்தப் பொருள் கடையில் கிடைக்கிற வைட்டமின் ஏ அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

"வைட்டமின் ஏ-யே விஷம், அதை உடம்பிலிருந்து வெளியேற்றினால் எல்லா நோயும் போகும்" என்று வீடியோ பார்த்தேன்.

நானும் பார்த்தேன். கேரட், முட்டை, மாம்பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். மேலே சொன்ன கரடிக் கதையைப் பாதி படித்துவிட்டு எழுந்து போனவர்கள் என்று நினைக்கிறேன். சத்துக் குறைவால் பார்வை போன குழந்தைகள் இந்த நாட்டில் ஒரு காலத்தில் எத்தனை பேர் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

எந்த அறிகுறி வந்தால் உடனே போகணும்?

மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலைவலி விடாமல் இருப்பது, உதடு வெடித்துத் தோல் உரிவது, முடி கொட்டுவது, எலும்பு வலி, பசியின்மை, இவை கூடிப்போனதன் முன் அறிகுறிகள். வயிறு உப்பி பெல்ட் ஓட்டை மாறுவது, கண் மஞ்சளாவது, கால் வீங்குவது என்றால் தாமதிக்க வேண்டாம். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும், நாட்டு மருந்துப் பொட்டலம், புரோட்டீன் பவுடர் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ரத்தத்தில் ரெட்டினால் அளவு இயல்பாகக் காட்டினாலும் கல்லீரலில் நிரம்பி வழியலாம், அதனால் ரிப்போர்ட்டைவிட அந்தப் பைதான் அதிகம் சொல்லும்.